எஸ்.டி.சி. 1000 தெர்மோஸ்டாட்: முட்டை வைப்பதற்கு முன்னால் ஒரு டம்ளர் வெந்நீர்

திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். அடைக்கோழி நினைத்த நேரத்தில் கிடைக்காது. அதனால் குளச்சலில் மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி, கழுவி, மூன்று நாள் வெயிலில் போட்டு வாடை போக்கி, நானே முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் செய்தேன். உள்ளே சூட்டுக்கு ஒரு பல்பு, சூடு கூடினால் குறைக்க ஒரு ஃபேன். சூட்டைப் பார்த்துக்கொள்ள ஆன்லைனில் வாங்கியது இந்த எஸ்.டி.சி. 1000. எட்டு மாதமாக ஓடுகிறது.

இதைவிட விலை குறைவாக டபிள்யூ 1209 என்ற சின்ன போர்டு கிடைக்கும். ஆனால் அதற்கு 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், ரிலேயும் (தானே போட்டு அணைக்கும் சுவிட்ச்) ஒன்றுதான். இதில் ஹீட்டிங்குக்கு ஒன்று, கூலிங்குக்கு ஒன்று என இரண்டு ரிலே. வீட்டு கரண்டிலேயே ஓடும். முட்டை பொரிக்கக் கூலிங் எதற்கு என்று கேட்பார்கள். பங்குனி, சித்திரையில் எங்கள் ஷீட் போட்ட ஷெட்டுக்குள் மத்தியானம் நின்று பார்த்தால் தெரியும். அதோடு, இரண்டு வாரம் தாண்டிய முட்டை தானே சூடு விடும். பல்பு அணைந்திருந்தாலும் பெட்டிக்குள் சூடு ஏறும்.

வயரிங்கில் முதலிலேயே மாட்டிக்கொண்டேன். பின்னால் எட்டு முனை இருக்கிறது. 1, 2 கரண்ட்; 3, 4 சென்சார்; 5, 6 ஹீட்டிங்; 7, 8 கூலிங். நான் 5, 6-இல் பல்பின் இரண்டு வயரையும் நேராகக் கொடுத்துவிட்டேன். ரிலே 'டக்' என்கிறது, பல்பு எரியவில்லை. பொருள் பழுது என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன். வயரிங் வேலைக்குப் போகும் சித்தப்பா மகன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது சுவிட்ச் மாதிரிதான். இதுக்குள்ள கரண்ட் தானா வராது, நீங்கதான் குடுக்கணும்" என்றான். 1-இல் வரும் ஃபேஸ் வயரிலிருந்து 5-க்கும் 7-க்கும் லூப் போட்டு, 6-இலிருந்து பல்புக்கும் 8-இலிருந்து ஃபேனுக்கும் வயர் எடுத்தான். இரண்டின் நியூட்ரலும் 2-இல் வரும் நியூட்ரலோடு சேர்ந்தது. உடனே எரிந்தது. கூட வந்த தாளில் இதைத் தெளிவாகப் போட்டிருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சம். மெயினை அணைத்துவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். பின்பக்க ஸ்குரூக்கள் திறந்தே கிடக்கின்றன. நான் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடினேன்.

செட்டிங் எளிதுதான். எஸ் பட்டனை மூன்று வினாடி அழுத்தினால் எஃப்1 வரும். அதில் வேண்டிய சூடு, 37.5 டிகிரி செல்சியஸ் வைத்தேன். எஃப்2-இல், எவ்வளவு கூடக் குறைய விடலாம் என்பதற்கு, 0.3. அதாவது 37.2-க்கு இறங்கினால் பல்பு எரியும், 37.5-இல் அணையும், 37.8 ஆனால் ஃபேன் ஓடும். எஃப்3 ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருக்கான தாமதம். அதை 1 நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஃபேன் காத்துக்கொண்டே நிற்கும். கடைசியில் பவர் பட்டனை அழுத்தினால்தான் சேவ் ஆகும். கரண்ட் போய் வந்தாலும் செட்டிங் அழியாது. மழைக் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சென்சாரைக் கையில் பொத்திப் பிடித்தேன், எண் ஏறியது. குளிர்ந்த தண்ணீரில் போட்டேன், இறங்கியது. சரி என்று 24 முட்டை வைத்துவிட்டேன். அங்கேதான் தவறு. பதினேழாம் நாள் அம்மா ஒரு முட்டையை எடுத்து, கண்ணை மூடி இமைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, "மக்களே, சூடு கூடுதலா இருக்கே" என்றாள். அந்தக் காலத்தில் அடை முட்டையை அப்படித்தான் பார்ப்பார்களாம். ஸ்கிரீனில் 37.5 என்றுதான் இருந்தது, நான் ஸ்கிரீனை நம்பினேன். பத்தொன்பதாம் நாளே ஓட்டைக் கொத்த ஆரம்பித்துவிட்டன. 21 நாள் ஆக வேண்டியது. ஏழு குஞ்சுதான் வெளியே வந்தது, அதிலும் மூன்று தொப்புள் ஆறாமல் செத்துப்போயின. ஒன்று என் உள்ளங்கையிலேயே போனது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம்தான் சோதித்தேன். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் இந்தச் சென்சாரையும் முனையோடு முனை சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிக்கொண்டே பிடித்தேன். தெர்மாமீட்டர் 38.4, ஸ்கிரீனில் 37.5. மூன்று தடவை பார்த்தேன், அதே வித்தியாசம். முட்டைக்கு வேண்டிய சூடும் காய்ச்சல் தெர்மாமீட்டர் பார்க்கும் சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வீட்டில் கிடையாது. சென்சார் காட்டும் எண்ணைத் திருத்தும் எஃப்4-இல் 0.9 கூட்டியதும் இரண்டும் ஒத்துப்போயின. இந்த மாடலை 1 டிகிரி முன்பின் காட்டலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்கு அது போதும், முட்டைக்குப் போதாது.

இன்னொன்று, சென்சார் முட்டையின் உயரத்தில் தொங்க வேண்டும். பல்புக்கு நேரேயோ தண்ணீர்த் தட்டிலோ படக் கூடாது. என்னுடையதில் வயர் ஒரு மீட்டருக்கும் குறைவு, இன்னும் கொஞ்சம் நீளம் இருக்கலாம்.

இரண்டாவது தடவை 24-இல் 18 குஞ்சு, இருபத்தொன்றாம் நாள் காலையில். இப்போது நான்காவது அடை ஓடுகிறது. பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் டம்ளரும் தெர்மாமீட்டருமாக நானே போய் சோதித்துக் கொடுப்பேன்.