பவர் கொடுப்பது சுலபம், திரும்ப வாங்குவதுதான் வேலை

முதுகில் அறுவைசிகிச்சை, நான்கு மாதம் சைட் பக்கமே போகக்கூடாது என்றார் மருத்துவர். அப்போது என் இன்டீரியர் ஸ்டுடியோவில் ஐந்து வேலைகள் நடந்துகொண்டிருந்தன. டிசைன் முடிவுகளைப் படுக்கையிலிருந்தே சொல்லிவிடலாம். கையெழுத்துக்கு என்ன செய்வது? ஆர்டர், கூடுதல் வேலைக்கான ஒப்புதல், காண்ட்ராக்டர் பில், சாவி ஒப்படைப்பு என்று ஒரு நாளைக்கு நாலு தாளாவது கையெழுத்து கேட்கும்.

நமக்குப் பதில் இன்னொருவர் கையெழுத்திட எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தைத்தான் பவர் என்கிறோம். மூன்று வழிகள் இருந்தன: எல்லா வேலைகளுக்குமான பொது பவர், குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமான சிறப்பு பவர், வெறும் அங்கீகாரக் கடிதம். நான் எடுத்தது இரண்டாவதை, என் ஸ்டுடியோவின் மூத்த டிசைனர் பெயரில். இன்றைக்கும் அதைத்தான் எடுப்பேன் என்பதால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். நம்பிக்கையான ஆளாக இருக்கவேண்டும் என்பதெல்லாம் மூன்றுக்கும் பொது, அதை விட்டுவிடுகிறேன்.

பொது பவரில் எதுவும் விட்டுப்போகாது. சிக்கலும் அதுதான். இதே தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் தம்பிக்குப் பொது பவர் கொடுத்துவிட்டு வெளிநாடு போனார். நல்ல இடம், விட்டால் கிடைக்காது என்று தம்பி ஐந்து வருடக் குத்தகைக்கு ஒரு ஷோரூம் எடுத்துவிட்டார். ஏமாற்று ஏதுமில்லை, அண்ணன் சந்தோஷப்படுவார் என்றே செய்தார். பத்திரம் அதற்கு இடம் கொடுத்திருந்ததால் குத்தகை அண்ணனைக் கட்டியது.

அங்கீகாரக் கடிதம் சின்ன வேலைகளுக்குப் போதும். லோடு இறக்க, மாதிரிப் பலகை வாங்கிவர, அடுக்குமாடி அலுவலகத்தில் ஆட்களை உள்ளே விடச்சொல்ல ஒரு லெட்டர்ஹெட் தாள் போதுமானது. நிறுவனம் கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் இயக்குநர்கள் தீர்மானம் போட்டே கையெழுத்து அதிகாரம் கொடுக்கலாம், அது இன்னும் நேரான வழி. என்னுடையது தனிநபர் தொழில். ஒருமுறை வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் ஒரு திருத்தம் போட என் டிசைனர் அப்படியொரு கடிதத்தோடு போனபோது, எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: “இதில் ஒப்பந்தத்தைத் திருத்தலாம் என்று எங்கே இருக்கிறது?” இல்லைதான்.

சிறப்பு பவரில் நான் எழுதியது இவ்வளவு. ஐந்து வேலைகளின் பெயர். ஒப்புக்கொண்ட வரைபடத்துக்கு உட்பட்டுப் பொருள் ஆர்டர் செய்யலாம். ஒவ்வொரு வேலையிலும் மொத்த மதிப்பீட்டில் 5 சதவீதம் வரை கூடுதல் வேலைக்கு ஒப்புதல் தரலாம். முடிந்த கட்டங்களுக்கான பில்லில் கையெழுத்திடலாம். முடிந்த வீட்டை ஒப்படைக்கலாம். புது வாடிக்கையாளரை ஏற்பது, கடன் வாங்குவது, பிடித்தம் வைத்த தொகையை விட்டுக்கொடுப்பது, தகராறை ராஜி பேசி முடிப்பது கூடாது என்று தனியாகவே எழுதினேன்.

இதில் ஒரு பாடம் படித்தேன். பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கித்தான் படிக்கும், எழுதாததைக் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளாது. நான் “ஆர்டர் செய்யலாம்” என்று எழுதினேன், “திருப்பி அனுப்பலாம்” என்று எழுதவில்லை. ஒரு வேலைக்கு லேமினேட் வேறு பேட்ச்சில் வந்து நிறம் தட்டியது. நாற்பது ஷீட். திருப்பி எடுத்துக்கொண்டு கணக்கில் கழிக்க சப்ளையரின் கணக்குப்பிரிவு என் கையெழுத்துதான் வேண்டும் என்று நின்றது. அவர்கள் செய்தது சரிதான், என் பத்திரம்தான் அரைகுறை. ஆர்டர், ரத்து, மாற்றம், திருப்பி அனுப்புதல், குறைபாட்டுப் புகார் என்று ஐந்தையும் எழுதிவிடுங்கள். கையெழுத்திடுபவர் உங்கள் பெயரைப் போட்டு, அதன் கீழே “அவருக்காக, அவருடைய அதிகாரம் பெற்றவர்” என்று குறித்துத் தன் கையெழுத்தைப் போடவேண்டும். வெறுமனே தன் பெயரில் போட்டால் பொறுப்பு அவர் தலையில் விழக்கூடும்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இதெல்லாம் இல்லை. எந்தத் தாளை எளிதாகத் திரும்பப் பெறமுடியும் என்பதுதான்.

பவரை ரத்து செய்வது ஒரு கையெழுத்தில் முடியும் என்று நினைத்திருந்தேன். உங்களுக்கும் உங்கள் ஆளுக்கும் நடுவில் முடியும். ரத்தானது தெரியாமல், பழைய பத்திரத்தை நம்பி நல்லெண்ணத்தோடு வியாபாரம் செய்த மூன்றாம் ஆளைப் பெரும்பாலான சட்டங்கள் பாதுகாக்கின்றன. இந்தியாவின் 1872 ஒப்பந்தச் சட்டமும் அப்படித்தான், இங்கிலாந்தின் 1971 பவர் ஆஃப் அட்டர்னி சட்டமும் அப்படித்தான். ஆக, ரத்து என்பது பத்திரத்தைக் கிழிப்பதல்ல, நகல் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்வது. நம் தொழிலில் அந்த ஒவ்வொருவர் யார் யார் என்று எண்ணிப்பாருங்கள். ப்ளைவுட், ஹார்ட்வேர், கண்ணாடி, கல், விளக்கு, திரைத்துணி, லாரி, கட்டட நிர்வாகம், வாடிக்கையாளர்கள். எனக்கு 17 பேர் வந்தார்கள்.

பொது பவர் யாரிடமெல்லாம் காட்டப்பட்டது என்றே உங்களுக்குத் தெரியாது. தெரியாத ஆளுக்கு எப்படிச் சொல்வீர்கள்? கடிதம் இன்னும் மோசம். அதில் பெரும்பாலும் தேதிக்கெடு இருக்காது, கடைக்காரர் கோப்பில் வருடக்கணக்கில் கிடக்கும். தாளே இல்லாவிட்டாலும், மாதக்கணக்கில் அவர் போனில் சொன்ன ஆர்டரையெல்லாம் நீங்கள் ஏற்றுப் பணம் கட்டியிருந்தால், அவருக்கு அதிகாரம் உண்டு என்று கடைக்காரர் நம்புவது நியாயமே.

சிறப்பு பவரில் மட்டும் வழி இருந்தது. முதல் பக்கத்திலேயே முடியும் தேதியைக் கொட்டை எழுத்தில் போட்டேன். நகல்களுக்கு எண் கொடுத்து, யாருக்கு எந்த எண் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தோம். தேதிக்கு மூன்று வாரம் முன்பே நான் வேலைக்குத் திரும்பி, 17 பேருக்கும் ரத்துக் கடிதம் அனுப்பினேன். இரண்டு பேரிடமிருந்து பதிலே இல்லை. அதில் ஒரு விளக்குக் கடையில், மாதங்கள் கழித்துப் புதிதாகச் சேர்ந்த பையன் பழைய நகலைக் கோப்பிலிருந்து எடுத்திருக்கிறான். முதல் பக்கத்துத் தேதியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான். நான் சொல்ல மறந்தாலும் அந்தத் தாளே தன் கதை முடிந்ததைச் சொல்லிவிட்டது.

வாடிக்கையாளர் நமக்கு பவர் கொடுப்பது வேறு கதை. இரண்டே முறைதான் வாங்கியிருக்கிறேன், இருவரும் வேறு நாட்டில் இருந்தவர்கள், புதுப்பிப்பு அனுமதி விண்ணப்பத்துக்கும் சாவி வாங்கவும் மட்டும். இரண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் எச்சரிக்கிறேன்: பொருள் வாங்க பவர் வாங்காதீர்கள். அவர் சார்பில் வாங்குகிறவர் அவர் நலனைத்தான் பார்க்கவேண்டும். சப்ளையர் நமக்குத் தரும் தொழில்முறைத் தள்ளுபடியை அவரிடம் சொல்லாமல் பையில் போட்டால் அது ரகசிய லாபம், திருப்பித் தரவேண்டி வரும். நம் பெயரில் வாங்கி, விலை சொல்லி விற்பது தனி வியாபாரம். அதில் இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று, என் பத்திரம் தீர்க்காதது. மயக்கத்திலிருந்து நான் எழாமலே போயிருந்தால்? மேற்சொன்ன 1872 சட்டப்படி, கொடுத்தவர் இறந்தாலோ சித்தம் பேதலித்தாலோ அதிகாரம் முடிந்துபோகும். மாநிலங்கள் ஏற்றுக்கொள்வதற்காக எழுதப்பட்ட அமெரிக்காவின் 2006 மாதிரிச் சட்டத்தில், பத்திரம் வேறு மாதிரி சொல்லாதவரை, கொடுத்தவர் செயலிழந்த பிறகும் அதிகாரம் நீடிக்கும். இங்கிலாந்தில் அதற்கென்றே பதிவுசெய்யவேண்டிய தனி வகை இருக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டம் எது என்று வக்கீலிடம் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள், நான் கடைசியாகத்தான் கேட்டேன்.

அடுத்த முறை மாற்று ஆளின் பெயரையும் சேர்ப்பேன். பவர் பெற்றவர் பொதுவாக அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. என் டிசைனர் காய்ச்சலில் படுத்த இரண்டு நாளும் சமையலறை மேடைக் கல் வெட்டுக்குக் கையெழுத்தில்லாமல் பட்டறையில் கிடந்தது.