கிரேக்கமா, எபிரேயமா?

லீவுக்குக் கோத்தகிரி வந்திருக்கும் செமினரி (இறையியல் கல்லூரி) தம்பிக்கு: வேதாகமத்தின் மூல மொழிகளில் எதைப் படிப்பது? இரண்டில் ஒன்றுதான் என்றால் என் ஓட்டு எபிரேயத்துக்கே.

கிரேக்கத்துக்கு 24 எழுத்து. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் அதில்தான். பிரசங்கத்துக்கு உடனே கைகொடுக்கும். ஆனால் வினைச்சொல் அட்டவணைகளை மனப்பாடம் செய்தே மாளாது.

எபிரேயத்துக்கு 22 எழுத்துதான். சங்கீதம் உட்படப் பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி அதில்தான். வலமிருந்து இடமாகப் படிப்பதும், பெரும்பாலும் எழுத்துக்கு அடியில் வரும் உயிர்க்குறிகளும் முதலில் கண்ணைக் கட்டும். பெரும்பாலான சொற்கள் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைப்பவை. அது பிடிபட்டுவிட்டால் சங்கீதம் 119-ஐத் திறந்து பார். ஒவ்வொரு எழுத்துக்கும் எட்டு வசனம், அந்த எட்டும் அதே எழுத்தில் தொடங்கும்! தமிழ் வேதாகமத்தில் ஆலெப், பேத் என்ற தலைப்புகளாக மட்டுமே பார்த்திருப்பாய்.

எஸ்டேட் சபைகளில் அடக்க ஆராதனைக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் நாம் தேடுவது சங்கீதத்தைத்தானே? வாலிபர் வேதபாடம் உன் பொறுப்பில் வந்தால் மட்டும் கிரேக்கத்தை முதலில் எடு.