மாட்டுத்தாவணி பக்கம் ஒரு எலக்ட்ரீஷியன் கடை

மதுரையில் கால் டாக்ஸி ஓட்டுகிறேன். சவாரி வருவது, வழி பார்ப்பது, காசு வாங்குவது எல்லாம் போனில்தான். போன மாதம் வண்டியில் கியருக்கு முன்னால் இருக்கும், போன் சார்ஜர் சொருகும் 12 வோல்ட் சாக்கெட் திடீரென்று வேலை செய்யவில்லை. மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்து, பாதி நாள் சவாரி போய்விட்டது.

முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஃபியூஸ் மாற்றினார்கள், சார்ஜரைச் சொருகியதும் போய்விட்டது. இன்னொன்று போட்டார்கள், அதுவும் போனது. வயரிங் கெட்டுவிட்டது, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும், 3,500 ரூபாய் ஆகும் என்றார்கள். அதுவரை சமாளிக்க 30 ஆம்ப் பச்சை ஃபியூஸ் போட்டுத் தரவா என்று வேறு கேட்டார்கள். சவாரி போகிறதே என்ற அவசரத்தில் சரி என்று சொல்லப் போனேன். நல்லவேளை, கூட ஓட்டும் நண்பர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருக்கும் இந்தக் கடைக்குப் போகச் சொன்னார். பெயர்ப்பலகை கிடையாது. ஒரே ஒரு அண்ணன், ஒரு மர மேசை, அவ்வளவுதான்.

அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: “தம்பி, ஃபியூஸ் போட்டதுமே போச்சா, இல்ல சார்ஜரைச் சொருகின பிறகு போச்சா?” சொருகிய பிறகுதான் என்றேன். “அப்ப வயரிங்கைச் சந்தேகப்பட வேண்டாம். வயர் எங்கேயாவது பாடியில பட்டிருந்தா, சாவியைப் போட்டதுமே போயிருக்கும். உங்க சார்ஜரைக் கொடுங்க.”

சார்ஜரின் நுனியைப் பார்த்தார். அங்கே இருக்க வேண்டிய வளையமும் ஊசியும் காணோம். நான் கவனிக்கவே இல்லை. திருகு தளர்ந்து, கடைசியாகச் சார்ஜரை உருவியபோது அவை சாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன. சாக்கெட்டில் நடுவில் இருப்பது பாசிட்டிவ், சுற்றுச்சுவர் நெகட்டிவ். நான் சார்ஜரை அழுத்தும்போதெல்லாம் அந்த வளையம் சாய்ந்து இரண்டையும் சேர்த்துவிட்டிருக்கிறது, ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருக்கிறது. சில்லறைக் காசு விழுந்தாலும் இதேதான் நடக்குமாம்.

ஃபியூஸ் கழன்றுதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, டார்ச் அடித்து, நோஸ் பிளேயரால் வளையத்தையும் ஊசியையும் எடுத்து என் கையில் வைத்தார். ஃபியூஸ் இருக்கும்போது உள்ளே கம்பி, ஸ்க்ரூடிரைவர் எதையும் விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு நீல நிற 15 ஆம்ப் ஃபியூஸைப் போட்டு, சாக்கெட்டில் கரண்ட் வருவதை மல்டிமீட்டரில் காட்டினார். இஞ்சின் ஓடாதபோது 12.4 வோல்ட், ஓடும்போது 14.1 வோல்ட். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

பச்சை ஃபியூஸ் பற்றிக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. இந்த வயர் 15 ஆம்புக்கு அளவாகப் போட்டது, 30 போட்டால் ஃபியூஸ் போவதற்கு முன்னால் வயர் சூடாகி உருகும், வண்டி தீப்பிடிக்கும் என்றார். பின்சீட்டில் குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டுகிறவன் நான். அதற்குச் சரி என்று சொல்லப் போனதை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

வாங்கியது 150 ரூபாய். உபரியாக இரண்டு 15 ஆம்ப் ஃபியூஸும் கொடுத்தார். குறை என்றால், ஒரே ஆள் என்பதால் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன், உட்கார நிழல்கூட இல்லை. பில்லும் தருவதில்லை. போவதாக இருந்தால் காலையில் கடை திறந்ததுமே போய்விடுங்கள், உங்கள் சார்ஜரையும் கையோடு கொண்டுபோங்கள். என்னுடைய பழைய சார்ஜரை அவர் திருப்பித் தரவில்லை. வேறு யாரும் எடுத்துச் சொருகிவிடக்கூடாது என்று வயரை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்.