கொடைக்கானலில் வீடு வாடகைக்கு விடுபவர்களே, கவனம்: வராத 50,000 ரூபாயை நம்பி 20,000 ரூபாயை இழந்தேன்

கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம் இரண்டு படுக்கையறை உள்ள சின்ன வீடு எங்களுடையது. ஆறு வருடமாக, சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். போன சீசனில் எங்களுக்கு நடந்தது வேறு யாருக்கும் நடக்கக் கூடாது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "அண்ணே, வெள்ளிக்கிழமையில இருந்து மூணு நைட், ரெண்டு ஃபேமிலி, வீடு கிடைக்குமா?" மரியாதையான பேச்சு. குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பு இருக்கிறதா, சுடுதண்ணீர் எத்தனை மணி வரை வரும் என்றெல்லாம் விசாரித்தான். ஒரு நாளைக்கு 4,500 சொன்னேன், பேரம்கூடப் பேசவில்லை. அட்வான்ஸ் 5,000 போட்டால் வீட்டை ஒதுக்கி வைக்கிறேன் என்றேன்.

அடுத்து அவன் செய்ததுதான் என்னை முழுதாக நம்ப வைத்தது. இ-பாஸ் எடுக்கத் தங்கும் முகவரி வேண்டும் என்று கேட்டு வாங்கி, பத்தே நிமிடத்தில் இ-பாஸையும் அனுப்பிவிட்டான். 2024 மே 7-லிருந்து, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, ஊட்டிக்கும் கொடைக்கும் வெளியூர் வண்டி வர இ-பாஸ் வேண்டுமே, அதை எடுத்தவன் வராமலா போவான் என்று நினைத்தேன். ஒரு போன் நம்பரும் வண்டி நம்பரும் இருந்தால் யார் வேண்டுமானாலும் அதை எடுக்கலாம், ஆளைப் பற்றி அது எதையும் உறுதி செய்யாது என்பது அப்போது உறைக்கவில்லை. அதே நாட்களுக்குக் கேட்ட மதுரைக் குடும்பத்தை வீடு இல்லை என்று திருப்பிவிட்டேன்.

இரவு எட்டு மணிக்கு என் போனில் ஒரு குறுஞ்செய்தி: உங்கள் கணக்கில் ரூ. 50,000 வரவு. உடனே அவன் போன். "அண்ணே, தப்பாயிருச்சு, ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன். அம்மா திண்டுக்கல்ல ஆஸ்பத்திரியில இருக்காங்க, நாளைக்குக் கட்ட வெச்சிருந்த காசு. 45,000 திருப்பி அனுப்புங்கண்ணே." குரல் தழுதழுத்தது. போனை வைக்கவே விடவில்லை. நானும் பதறிப்போய் முதலில் 20,000 அனுப்பினேன். அடுத்து 25,000 போட்டால், கணக்கில் போதிய பணம் இல்லை என்று வந்தது. என் கணக்கில் இருந்ததே 31,000 சொச்சம்தான். 50,000 வந்திருந்தால் அது எப்படிப் பத்தாமல் போகும்?

அப்போதுதான் அந்தக் குறுஞ்செய்தியைத் திரும்பப் பார்த்தேன். பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வந்திருந்தது. வங்கியின் செய்தி அப்படி வராது, அனுப்புநர் இடத்தில் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். வாசகத்தை மட்டும் அச்சு அசலாக வங்கி மாதிரியே அடித்து அனுப்பியிருக்கிறான்.

இதன் பிறகு நான் செய்த தவறு அதைவிடப் பெரியது. எடுப்பான் எடுப்பான் என்று நள்ளிரவு வரை அவனுக்கே போன் போட்டுக்கொண்டிருந்தேன். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தது மறுநாள் காலையில்தான். புகார் எண் கொடுத்தார்கள், ஆனால் பணம் இரவே வேறு கணக்குக்கு மாறி எடுக்கப்பட்டிருந்தது. உடனே அழைத்திருந்தால் அந்தக் கணக்கை முடக்கியிருக்க வாய்ப்பு உண்டு என்றார் வங்கி மேலாளர். அதனால் இப்படி ஏமாந்தால் தயவுசெய்து யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், அடுத்த நிமிடமே 1930-க்குப் போடுங்கள். அட்வான்ஸ் வந்ததா என்பதை வங்கிச் செயலியில் இருப்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்யுங்கள். நிஜமாகவே யாராவது அதிகமாக அனுப்பிவிட்டாலும் அவசரப்பட்டு நீங்களே திருப்பி அனுப்ப வேண்டாம், அவர் தன் வங்கி வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

எங்கள் தெருவில் காட்டேஜ் நடத்தும் இன்னும் இரண்டு பேருக்கு ஒரு மாதம் முன்பே இதே போன் வந்திருக்கிறது. ஒருவர் 9,000 இழந்திருக்கிறார், வெளியே சொல்ல வெட்கப்பட்டு இருந்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். புகார் கொடுத்த அன்றே அந்த நம்பரையும் குறுஞ்செய்தியையும் தெரு முழுக்க அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துக் கீழ்வீட்டு அக்காவுக்கு வேறு நம்பரிலிருந்து போன். அதே இ-பாஸ் பேச்சு, அதே ஆஸ்பத்திரிக் கதை. "தம்பி, பேங்க்ல பார்த்துட்டுக் கூப்பிடுறேன்" என்று அக்கா சொன்னதுமே அந்தப் பக்கம் லைன் கட்டாகிவிட்டதாம்.