காணாக்கடியா, எரித்திமா மல்டிஃபார்மியா?
ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெட்டும் நாட்களில் கை சிவந்து தடித்தால், எல்லாவற்றையும் காணாக்கடி என்றே சொல்லிவிடுகிறோம். காணாக்கடித் தடிப்பு கடுமையாக அரித்தாலும், ஓரிடத்தில் எழுந்தது பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் தடயமின்றி மறைந்து வேறிடத்தில் தோன்றும். எரித்திமா மல்டிஃபார்மி என்னும் தோல் நோயோ பெரும்பாலும் புறங்கையிலும் பாதத்திலும் தொடங்கி, நடுவில் கருஞ்சிவப்பும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் வெளியே சிவந்த விளிம்புமாக, அதே இடத்தில் ஒரு வாரமேனும் நிற்கும். பேனாவால் தடிப்பைச் சுற்றிக் கோடிட்டு மறுநாள் பார்ப்பதே வீட்டில் செய்யத்தக்க நல்ல சோதனை என்பேன். எரித்திமா மல்டிஃபார்மிக்குத் தோட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. உதட்டோரம் கொப்புளம் தரும் ஹெர்ப்பிஸ் வைரஸுக்கு நம் நோயெதிர்ப்பு மண்டலம் காட்டும் எதிர்வினையே பெரும்பாலும் காரணம். காணாக்கடி அரிப்பு மாத்திரைக்கு அடங்கும். மற்றது சில வாரங்களில் தானே ஆறும். ஆனால் வாயோ கண்ணோ புண்ணானால், அதுவும் புது மருந்து தொடங்கிய பின்னரென்றால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.