துவன் சிரிலிக் எழுத்து: நெடுநாள் புழக்கத்தில் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது

சைபீரியாவின் தென்கோடியில், மங்கோலிய எல்லையை ஒட்டிக் கிடக்கும் துவா குடியரசின் மொழி துவன். துருக்கிய மொழிக் குடும்பம். 1930-ல் லத்தீன் எழுத்து, 1940-களின் தொடக்கத்தில் சிரிலிக் (ரஷ்யம் எழுதப்படும் எழுத்துமுறை) என்று அடுத்தடுத்து மாறி, சிரிலிக்கே இன்றுவரை நிலைத்துவிட்டது. ரஷ்ய எழுத்து 33, கூடுதலாக மூன்று, மொத்தம் 36. ரஷ்யம் படிக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "மூன்றுதானே!" என்று இறங்குவார்கள். அந்த மூன்றில் யாருக்கும் பெரிய சிக்கல் வருவதில்லை. பழகிய 33-தான் படுத்தும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். உயிரொலிகளில் இந்த எழுத்துமுறை அபாரம். அடிப்படை உயிர்கள் எட்டு. அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்தும் தமிழர் வாய்க்குப் புதிதல்ல. ஆறாவது, ரஷ்யர்களின் பின்-இகரம். துவனில் இது ரஷ்ய உச்சரிப்பைவிட நம் குற்றியலுகரத்துக்கே நெருக்கம்: 'காது', 'பாட்டு' என்று பேச்சில் முடிக்கும்போது உதடு குவியாமல் வரும் அந்த உகரம்தான். தலைநகர் கிசிலின் பெயரில் இரண்டு உயிருமே இதுதான். இகரமாகப் படித்தால் வேற்றூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

மிச்சம் இரண்டும் கூடுதல் எழுத்துகள். நடுவே கோடு போட்ட ஒகரம்: நாக்கை எகரத்துக்கு வைத்து உதட்டை ஒகரத்துக்குக் குவிக்க வேண்டும். நேர்க்கால் உகரம், அதாவது லத்தீன் 'ஒய்' போலத் தெரிவது: நாக்கு இகரத்துக்கு, உதடு உகரத்துக்கு. மூன்றாவது கூடுதல் எழுத்து வால் வைத்த நகரம். அது அப்படியே நம் ங். பக்கத்தில் ககரம் இல்லாமல் சொல் இறுதியில் தனியாக நிற்கும் என்பதுதான் புதுசு. 'ஒன்' என்றால் பத்து, 'ஒங்' என்றால் வலப்பக்கம்.

நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்கிறார்கள், அவ்வளவே. 'ஒல்' என்றால் அவன் அல்லது அது. ஒகரத்தை இரட்டித்து 'ஓல்' என்றால் பையன். குறில் நெடிலில் ஊறிய காதுக்கு இதில் கற்க ஒன்றுமே இல்லை. எகரத்தில் மட்டும் ஒரு விதி உண்டு: சொல் முதலில் ஒரு எழுத்து, மெய்க்குப் பின்னால் வேறொரு எழுத்து. நெடிலாகும்போது எங்கே வந்தாலும் சொல்முதல் எழுத்தைத்தான் இரட்டிப்பார்கள். வானத்தைக் குறிக்கும் 'தேர்' என்ற சொல்லில் இதைப் பார்க்கலாம்.

இனி வில்லங்கம். ரஷ்யத்தில் வன்குறி என்பது தனக்கென ஒலியே இல்லாமல், முன்பின் ஒலிகளைப் பிரித்து வைக்கும் தடுப்புக் குறி. துவனில் அதே குறி வேறு வேலை செய்கிறது: தனக்கு முன்னால் உள்ள உயிரைத் தாழ்ந்த குரலில் சொல்லச் சொல்கிறது. குரல் சட்டென்று இறங்கி, தொண்டை லேசாக இறுகும். பழைய இலக்கணங்கள் இதைத் தொண்டையொலி என்றன. பிற்கால ஆய்வாளர்கள் தாழ்சுருதி என்கிறார்கள். வன்குறி இல்லாத 'அத்' பெயர், வன்குறியோடு குதிரை. 'ஒத்' நெருப்பு, வன்குறியோடு புல். 'எத்' பொருள், சாமான், வன்குறியோடு இறைச்சி. குதிரையும் புல்லும் இறைச்சியும் அன்றாடப் பேச்சில் புழங்கும் நாட்டில் இதை அலட்சியம் செய்ய முடியாது.

இந்த எழுத்துமுறையின் பெரிய குறை இங்கேதான். குழப்பம் வரும் என்று கருதிய சில சொற்களுக்கு மட்டும் வன்குறியைப் போட்டுவிட்டு, மற்றதை வாசகர் தலையில் கட்டிவிட்டார்கள். தாழ்சுருதியில் ஒலிக்கும் சொற்கள் பல, குறியே இல்லாமல் எழுதப்படுகின்றன. ஆகவே புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு உச்சரிப்பு கற்க முடியாது. டேவிட் ஹாரிசன், கிரெகரி ஆண்டர்சன் ஆகியோரின் உழைப்பில் உருவான துவன் பேசும் அகராதியில் ஒலிப்பதிவு இருக்கிறது. புதுச் சொல் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு மனப்பாடம் செய்வதே வழி. இன்னொரு பொறியும் உண்டு: ரஷ்யத்திலிருந்து வந்த கடன் சொற்களில் வன்குறி பழைய தடுப்பு வேலையைத்தான் செய்கிறது. அங்கே குரலைத் தாழ்த்தினால் சிரிப்பார்கள்.

மெய்களில் ரஷ்யம் தெரிந்தவருக்கு அடி, தமிழருக்குப் பாதி லாபம். சொல் முதலில் வரும் தகர வகை எழுத்துகள் இரண்டை ரஷ்யர் குரலுள்ளது (தொண்டை அதிர்வது), குரலற்றது என்று பிரிப்பார்கள். துவனில் இரண்டுமே கிட்டத்தட்டக் குரலற்றவை. வேறுபாடு மூச்சில் இருக்கிறது. ரஷ்யர் குரலுள்ளதாகப் படிக்கும் எழுத்து, 'தலை' என்பதில் வரும் நம் சொல்முதல் தகரம் போன்றது. மற்றது பலத்த மூச்சோடு வருவது, இந்தியின் மூச்சுத் தகரம் போல. பகரத்திலும் இதே கதை: மூச்சில்லாத 'பர்' என்றால் உண்டு, மூச்சோடு 'பர்' என்றால் புலி. வாய்க்கு முன் மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லிப் பாருங்கள்; புலிக்குத் தாள் ஆட வேண்டும், மற்றதற்கு ஆடக்கூடாது. மொழியின் பெயரே நல்ல பயிற்சி: 'துவ துல்' என்ற இரு சொல்லில் முதல் தகரம் மூச்சோடு, இரண்டாவது மூச்சில்லாமல். இரண்டிலும் முதல் உயிர் அந்தக் குற்றியலுகரம்.

உயிர்களுக்கு நடுவே வல்லினம் மெலிவதும் நமக்குப் பழக்கமே. தமிழில் எழுத்து மாறாது. துவனில் மாற்றி எழுதுவார்கள். பெயர் 'அத்', 'அவன் பெயர்' என்று விகுதி சேர்த்தால் தகரத்துக்குப் பதில் குரலுள்ள எழுத்து வந்துவிடும். குதிரைக்கும் இதே மாற்றம். வன்குறி மட்டும் அசையாது. மரத்தைக் குறிக்கும் சொல்லின் இறுதி ஷகரம், குரலுள்ள ஜகர வகை எழுத்தாகும். ககர வகைதான் மோசம், காணாமலே போய்விடும்: பசு 'இனெக்', அவன் பசு 'இனே', மலை 'தக்', அதன் மலை 'தா'. அகராதியில் 'இனே' என்று தேடினால் கிடைக்காது. இறுதியில் நெடில் கண்டால் ககரத்தைத் திரும்ப ஒட்டிப் பார்க்க வேண்டும்.

பன்மை விகுதிக்கு எட்டு வடிவம்: லர், லெர், நர், நெர், தர், தெர், அதோடு மூச்சுத் தகரத்துக்கான எழுத்தால் எழுதும் இன்னொரு தர், தெர். பட்டியலாக உருப்போடத் தேவையில்லை. சொல்லின் கடைசி உயிர் அ, ஒ, உ, குற்றியலுகரம் என்றால் அகர விகுதி. மற்ற நான்கு என்றால் எகர விகுதி. முதல் மெய்யைக் கடைசி ஒலி தீர்மானிக்கும்: ம், ன், ங் என்றால் நகரம், லகரத்துக்குப் பின் குரலுள்ள தகரம், குரலற்ற மெய்க்குப் பின் குரலற்ற தகரம், மற்றவற்றுக்கு லகரம். புத்தகம் 'நொம்', புத்தகங்கள் 'நொம்நர்'. அம்மா 'அவ', அம்மாக்கள் 'அவலர்'.

தட்டச்சில் வெறும் ரஷ்ய விசைப்பலகை போதாது. கோட்டு ஒகரத்துக்குப் பதில் சாதா ஒகரம் போட்டுச் சமாளிக்கிறவர்கள் ஏராளம். அப்படித் தட்டினால் ஏரி கையாகிவிடும்: கோட்டு ஒகரத்தோடு 'ஹொல்' என்றால் ஏரி, சாதா ஒகரத்தோடு கை. துவனின் 36 எழுத்தும் கிர்கிஸ் மொழியின் 36 எழுத்தும் ஒன்றே என்பதால், விண்டோஸில் கிர்கிஸ் விசைப்பலகையைச் சேர்ப்பதே சுலபம். வலது ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு ந, ஒ, உ விசைகளைத் தட்டினால் மூன்றும் வரும். கசாக் விசைப்பலகையிலும் மூன்றும் உண்டு, ஆனால் எண் வரிசையை அவை பிடித்துக்கொள்ளும். மங்கோலியப் பலகையில் வால் நகரம் கிடையாது, அதை நம்பி இறங்காதீர்கள்.

பழைய கோப்புகளில் தேடல் பிசகினால் ஒப்புப்போலி எழுத்துகளைச் சந்தேகியுங்கள். யூனிகோடின் பதின்ம எண்படி சரியான சிற்றெழுத்துகள்: வால் நகரம் 1187, கோட்டு ஒகரம் 1257, நேர்க்கால் உகரம் 1199. கோட்டு ஒகரத்தின் இடத்தில் கிரேக்க தீட்டா 952, லத்தீன் கோட்டு ஓ 629, பழைய ரஷ்ய எழுத்து 1139 ஆகியவை கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். நேர்க்கால் உகரத்தில் கசாக்கின் குறுக்குக்கோட்டு எழுத்து 1201 புகுந்திருக்கும். வால் நகரத்துக்குப் பதில் 1224, 1226 வரும். இவற்றை ஒரே மூச்சில் மாற்றிவிட்டு, பிறகு அகர வரிசைப்படுத்தலை ஓட்டுங்கள். வால் நகரம் நகரத்துக்கு அடுத்து, கோட்டு ஒகரம் ஒகரத்துக்கு அடுத்து, நேர்க்கால் உகரம் உகரத்துக்கு அடுத்து வர வேண்டும். மூன்றும் பட்டியலின் கடைசியில் போய் விழுந்தால், மென்பொருள் எழுத்தின் எண்ணைப் பார்த்தே வரிசைப்படுத்துகிறது என்று பொருள். வரிசை மொழியைக் கிர்கிஸ் என்று மாற்றினால் சரியாகிவிடும்.