புரொஜெக்டருக்கு நீளமான எச்.டி.எம்.ஐ: செம்பா, ஃபைபரா, கெட் 6 வயரா?

மச் தொடங்கி இரண்டாவது ஓவருக்குள் திரை கறுக்கும். மூன்று செக்கன் கழித்துப் படம் திரும்பி வரும். வீட்டில் முதற்பழி புரொஜெக்டருக்கு, அடுத்தது கூரையில் நிற்கிற டிஷ்ஷுக்கு. செற்றப் பொக்ஸின் படத்தையும் சத்தத்தையும் புரொஜெக்டருக்குக் கொண்டுபோகிற, சுவரைக் கொத்தி உள்ளே விட்டுப் பூசி மறைத்த எச்.டி.எம்.ஐ கேபிளை ஒருவரும் நினைப்பதில்லை. சீலிங்கில் புரொஜெக்டர் தொங்கவிட்ட வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

யாழ்ப்பாணக் கடைகளில் தேடினால் இதற்கு மூன்று வழி கிடைக்கும். தடித்த செம்பு எச்.டி.எம்.ஐ கேபிள், ஃபைபர் எச்.டி.எம்.ஐ கேபிள், கெட் 6 நெற்வேர்க் வயரில் ஓடுகிற எக்ஸ்டெண்டர். மூன்றும் வேலை செய்யும்; மூன்றும் பிழையான இடத்தில் பூட்டினால் காசுக்குக் கேடு.

முதலில் அளவைப் பாருங்கள். 100 அங்குலத் திரையின் அகலம் 2.21 மீற்றர். த்ரோ விகிதம் (திரைக்கு உள்ள தூரத்தைத் திரை அகலத்தால் பிரித்தது) 1.5 ஆன புரொஜெக்டர் அதிலிருந்து 3.3 மீற்றர் தள்ளித் தொங்க வேண்டும். செற்றப் பொக்ஸ் திரைக்குக் கீழே மேசையில் இருக்கிறதென்றால் நாலு மீற்றர் காணும் போலத் தெரியும். கேபிள் காகம் பறக்கிற மாதிரி நேரே போகாது. மேசையிலிருந்து சீலிங்குக்கு 2.5, சீலிங்கால் 3.3, இரண்டு அந்தத்திலும் தளர்வுக்கு அரை அரை மீற்றர், ஆக ஏழுக்குக் கிட்ட. அலுமாரி பக்கச் சுவரில் இருந்து வயர் சுவரோரமாகச் சுற்றி வந்தால் 12 தாண்டிவிடும். ஒரு கயிற்றை அதே பாதையில் பிடித்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 'கூட வாங்கி வைத்தால் பிறகு உதவும்' என்பது கரண்ட் வயருக்குச் சரி. எச்.டி.எம்.ஐக்கு அது பிழை: ஏழு மீற்றர் போதுமான இடத்தில் 15 மீற்றர் செம்பு போட்டால், சுருட்டி வைத்த மிச்ச எட்டு மீற்றரும் சிக்னலைத் தின்னும்.

எவ்வளவு தின்னும் என்பது நீங்கள் அனுப்புகிற படத்தைப் பொறுத்தது. 1080பி (1920×1080 புள்ளிகள்), 60 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 60 தடவை) படத்துக்குச் செக்கனுக்கு 4.46 கிகாபிட் ஓட வேண்டும். அதைவிட நாலு மடங்கு புள்ளிகளுள்ள 4கே படத்துக்கு, 30 ஹேர்ட்ஸில், அது 8.91. 4கே 60, முழு நிறத்தோடு என்றால் 17.82. அதாவது 1080பியில் வருசக்கணக்காகக் குறை சொல்லாத கேபிள், புதிய 4கே பெட்டி பூட்டிய அன்றே கைவிடலாம். கேபிள் பழுதாகவில்லை, அதன் தலையில் நாலு மடங்கு சுமை ஏறியிருக்கிறது. பழைய அன்ரெனா ரீவி போலப் படம் மெல்ல மெல்ல மங்குவதும் இங்கே இல்லை. எல்லைக்குள் இருக்கும்வரை சுத்தமான படம். எல்லையைத் தொட்டால் கறுத்த காட்சிகளில் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும். தாண்டினால் கறுப்புத்தான். ஆகையால் 'தங்க முலாம் பூசின கேபிள், நிறம் வடிவா வரும்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த தட்டைப் பாருங்கள்.

வாங்க முன்னம் ஒரு சோதனை

நல்லதென்று தெரிந்த 2 மீற்றர் கேபிள் ஒன்றும், ஏணி ஒன்றும், பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆளும் போதும். புரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே பெட்டியைக் கொண்டுபோய்ச் சின்னக் கேபிளில் நேரே கொடுங்கள். அப்போதும் கோளாறு தொடர்ந்தால் நீளக் கேபிளில் பிழையில்லை. புரொஜெக்டரின் மற்ற எச்.டி.எம்.ஐ துளையில் போட்டுப் பாருங்கள், பிறகு வேறு பெட்டியோடு பாருங்கள். கோளாறு போய்விட்டதென்றால் நீளக் கேபிளைத் திரும்பப் பூட்டிப் பெட்டியின் ரெசொலூஷனை 720பிக்கு இறக்குங்கள். அதற்கு 1080பியின் பாதி ஓட்டம்தான் வேண்டும். 720 அசையாமல் நின்று, 1080 மினுங்கினால், கேபிள் அந்த நீளத்துக்குப் போதாது என்று அர்த்தம்.

720ம் வராமல் 'நோ சிக்னல்' என்றே நின்றால் கதை வேறு. எச்.டி.எம்.ஐ பிளக்கில் 19 பின்கள். படம் ஓடுவது அவற்றில் சிலவற்றில் மட்டும். 18ஆம் பின்னில் பெட்டி 5 வோல்ற் அனுப்பும். 19ஆம் பின்னால் புரொஜெக்டர் 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும். 15, 16 இரண்டாலும் தன்னால் என்னென்ன ரெசொலூஷன் காட்ட முடியும் என்ற பட்டியலைக் கொடுக்கும். இந்தப் பேச்சு நடக்காவிட்டால் பெட்டி படத்தை அனுப்பவே அனுப்பாது. சீலிங்கில் தொங்குகிற கேபிளின் பாரம் பிளக்கைக் கீழே இழுத்து இந்தப் பின்களை அரைகுறையாகத் தொடவைப்பது அடிக்கடி நடக்கிற காரியம். பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கிளிப் அடித்துப் பாரத்தைச் சட்டத்தில் ஏற்றினால் பாதி 'பழுது' அங்கேயே தீரும். காரைநகர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று கடலோரத்தில் இருக்கிற வீடுகளில் உப்புக் காற்று பின்களில் படிவதும் இதே அறிகுறியைத் தரும். கரண்டை நிறுத்திவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட துணியால் பிளக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே வேண்டாம்.

இலவசப் படம் எல்லாம் ஓடுகிறது, காசு கட்டிப் பார்க்கிற செயலியில் மட்டும் திரை கறுக்கிறது என்றால் அது எச்.டி.சி.பி என்கிற, கள்ளப் பிரதி எடுக்க விடாத பூட்டு. 4கே ஒளிபரப்புக்கு அதன் 2.2 பதிப்பு தேவை. பழைய புரொஜெக்டரில் 1.4தான் இருக்கும். அதற்கு எந்தக் கேபிளும் மருந்தில்லை, 1080பிக்கு இறங்க வேண்டியதுதான். படம் முழுக்கப் பச்சை, ஊதா அடித்தால் கேபிளைக் குறைசொல்ல முன்னம் பெட்டியின் நிற அமைப்பை ஆர்.ஜி.பி, வை.சி.பி.சி.ஆர் என்று மாற்றிப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. கிணற்று மோட்டரைப் போட்ட அந்த நொடியில் திரை கறுத்து வந்தால், எச்.டி.எம்.ஐயும் கரண்ட் வயரும் ஒரே பைப்பில் ஒட்டிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். மோட்டர் சுவிச்சின் பொறி மெல்லிய கவசமுள்ள கேபிளுக்குள் புகுந்து சிக்னலைக் கலைக்கும். இரண்டுக்கும் ஒரு அடி இடைவெளி விடுங்கள். வெட்டிக்கொண்டு போக வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் விடுங்கள். கறுப்போடு புரொஜெக்டரே அணைந்து எழும்பினால் அது வோல்ற்றேஜ் விழுகிற பிரச்சினை, கேபிளோடு சம்பந்தமில்லை.

இன்னொரு ஏமாற்று, புரொஜெக்டர் வருகிற அட்டைப் பெட்டியின் மேல் இருக்கிறது. '4கே சப்போர்ட்' என்று பெரிதாக அச்சிட்ட மலிவுப் புரொஜெக்டர்களில் பல 4கே சிக்னலை வாங்கி, உள்ளே 1080 அல்லது 720க்குச் சுருக்கித்தான் காட்டும். விபரப் பட்டியலில் 'நேட்டிவ்' (புரொஜெக்டர் உண்மையில் காட்டுகிற புள்ளிக் கணக்கு) என்ற வரியைத் தேடுங்கள். அது 1920×1080 என்றால், செற்றப் பொக்ஸை 1080பியில் வைத்துவிடுங்கள். திரையில் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கேபிளின் சுமை நாலில் ஒன்றாகும். புதுக் கேபிளே தேவைப்படாமல் போகலாம்.

தடித்த செம்பு

1080பி புரொஜெக்டருக்கு, 10 மீற்றர் வரை, இதுதான் எங்கள் தெரிவு. மலிவு, திசை பார்க்கத் தேவையில்லை, மிதித்தாலும் தாங்கும். பார்க்க வேண்டியது உறையில் அச்சிட்ட ஏ.டபிள்யூ.ஜி எண். எண் சிறிதானால் கம்பி தடிப்பு: 24 என்றால் கம்பி அரை மில்லிமீற்றர், 30 என்றால் அதில் பாதி. 10 மீற்றருக்கு 24 அல்லது 26 கேளுங்கள். மேலே நைலோன் பின்னல் போட்டு மொத்தமாகக் காட்டுகிற கேபிளை நம்பவேண்டாம், பின்னலுக்குள் 30 இருக்கக்கூடும். '2.0', '2.1' என்று கேபிளில் அடித்திருப்பதும் பெரிய உத்தரவாதமில்லை. 18 கிகாபிட்டுக்குச் சோதித்ததன் அடையாளம் பிரீமியம் ஹை ஸ்பீட் என்ற ஒட்டுத்தாளும் அதிலுள்ள கியூஆர் குறியீடும். கடையிலேயே கைத்தொலைபேசியால் ஸ்கான் பண்ணலாம். நீளச் செம்புக் கேபிளில் இந்த ஒட்டுத்தாள் கிடைப்பது அருமை, அதிலேயே விஷயம் விளங்கும். 4கே 60க்கு ஐந்து மீற்றருக்கு மேல் சாதாரணச் செம்பை நம்பி இறங்காதீர்கள்.

இரண்டு ஐந்து மீற்றரை நடுவில் ஜொயினர் போட்டு இணைப்பது ஒரு பத்து மீற்றரை விட மோசம். ஒவ்வொரு மூட்டிலும் சிக்னல் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பும்.

ஃபைபர்

4கே என்றால், அல்லது 10 மீற்றருக்கு மேல் என்றால், காசைப் பார்க்காமல் இது. இரண்டு பிளக்குக்குள்ளும் சின்னச் சிப் இருக்கும். மின் சிக்னலை ஒளியாக்கி அனுப்பி, மறு அந்தத்தில் திரும்ப மின்னாக்கும். 15 மீற்றரோ 30 மீற்றரோ அதற்குப் பெரிய வித்தியாசமில்லை. கேபிள் ஒல்லி, பாரமும் இல்லை.

வாங்கிக்கொண்டு வந்தவர்கள் 'வேலை செய்யுதில்லை' என்று திருப்பிக் கொடுப்பதற்குப் பெரிய காரணம் திசை. ஒரு பிளக்கில் 'சோர்ஸ்', மற்றதில் 'டிஸ்பிளே' என்று எழுதியிருக்கும். சோர்ஸ் செற்றப் பொக்ஸுக்கு, டிஸ்பிளே புரொஜெக்டருக்கு. மாறினால் ஒன்றுமே வராது. சுவருக்குள் இழுத்த பிறகு கண்டுபிடித்தால் அழுகைதான். அடுத்த காரணம் மின்சாரம்: அந்தச் சிப்கள் பெட்டியின் 5 வோல்ற்றில்தான் ஓடும். செற்றப் பொக்ஸின் யூ.எஸ்.பி துளையில் இருந்து பவர் எடுக்கிற ஸ்ட்ரீமிங் ஸ்டிக்குக்கு (எச்.டி.எம்.ஐயில் குத்தி இணையப் படம் பார்க்கிற சின்னச் சாமான்) தனக்கே போதாது, கேபிளுக்கு எங்கே கொடுப்பது? ஸ்டிக்கோடு வந்த அடப்டரை நேரே சுவரில் போடுங்கள்.

வளைப்பதில் கவனம் வேண்டும். தேத்தண்ணிக் கோப்பையின் வாயை விடச் சிறிய வளையமாகச் சுற்றாதீர்கள், கேபிள் டையை இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே கண்ணாடி இழை ஒடிந்தால் ஒட்ட வழியில்லை. இன்னொரு நப்பாசையையும் விடவேண்டும்: 'ஃபைபர் தானே, மின்னல் கடத்தாது' என்பார்கள். இந்த வகையில் பெரும்பாலானவை கலப்பு. படம் ஒளியில் போகும், 5 வோல்ற்றும் பேச்சுக் கம்பிகளும் செம்பில்தான் போகும். ஐப்பசி, கார்த்திகையில் இடிமுழக்கம் தொடங்க முன்னமே டிஷ் வயரையும் எச்.டி.எம்.ஐயையும் கழற்றியே ஆகவேண்டும்.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் ஏ.ஆர்.சி (சத்தத்தை அதே கேபிளால் திருப்பி அனுப்புகிற வசதி) வேலை செய்யுமா என்று பெட்டியில் பார்த்து வாங்குங்கள். சில ஃபைபர் கேபிள்களில் அது இல்லை.

கெட் 6 எக்ஸ்டெண்டர்

இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு சின்னப் பெட்டி வைத்து, நடுவில் கெட் 6 வயரால் படத்தை அனுப்புகிற முறை இது. வீடு கட்டும்போதே கெட் 6 இழுத்துவிட்டவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லலாம். மற்றவர்களுக்கு இரண்டு பெட்டி, இரண்டு அடப்டர், பிழை வரக் கூடுதலாக நாலு இடம். எச்.டி.பேஸ்.டி என்று போட்டிருப்பவை நல்ல சாமான், விலையும் அப்படித்தான். மலிவானவற்றில் சில படத்தைச் சுருக்கி அனுப்பும். கேம் விளையாடினால் கை அழுத்தி ஒரு கணம் கழித்துத் திரை அசையும்.

இங்கே அதிகம் ஏமாறுவது வயரில். பெட்டியில் கெட் 6 என்றிருக்கும், உள்ளே செம்பு முலாம் பூசின அலுமினியம். ஒரு கம்பியை எடுத்து பிளேட்டால் இலேசாகச் சுரண்டுங்கள்: உள்ளுக்கும் சிவப்பென்றால் செம்பு, வெள்ளி போல மின்னினால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பிளக் அடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கு: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நடுவில் ரவுட்டரையோ சுவிச்சையோ போடாமல் நேரே இணையுங்கள். கையேட்டில் போடலாம் என்று இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

படம் பார்ப்பது ஸ்டிக்கில் மட்டும் என்றால் இந்த மூன்றும் வேண்டாம். ஸ்டிக்கைப் புரொஜெக்டரிலேயே குத்தி, சீலிங்கில் ஒரு பிளக் பொயின்ற் எடுத்துவிடுங்கள். நீளக் கேபிள் தேவைப்படுவது டிஷ் வயரால் கட்டுண்டு கிடக்கிற செற்றப் பொக்ஸுக்குத்தான்.

எதைப் பூட்டினாலும் இரண்டு பக்கக் கரண்டையும் சுவரில் நிறுத்திவிட்டே பூட்டுங்கள். உருளைப் பின் சொக்கெற்றும் சதுரப் பின் சொக்கெற்றும் கலந்து கிடக்கிற பழைய வீடுகளில் மல்ரிபிளக் வழியாக எர்த் இல்லாமலே பெட்டிகள் ஓடும். தகரப் பகுதியில் விரல் வைத்தால் சுரீரென்பது அதனால்தான். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது குத்தினால் ஒரு சின்னப் பொறியில் எச்.டி.எம்.ஐ துளை போய்விடும், அதைத் திருத்துகிற செலவு கேபிளை விடக் கூட.

புதிதாகச் சுவர் கொத்துகிறவர்கள் பூச முன்னம் கேபிளைத் தரையில் விரித்து, இரண்டு அந்தமும் பூட்டி, ஒரு முழுப் படம் ஓடவிட்டுப் பாருங்கள். முக்கால் அங்குல பைப்பில் எச்.டி.எம்.ஐ தலை வளைவுகளில் இறுகி நிற்கும். ஒன்றே கால் அங்குலம் போடச் சொல்லுங்கள், மூலையில் எல்போ வேண்டாம், நீள வளைவுள்ள பென்ட் போடுங்கள். கேபிளோடு சேர்த்து ஒரு நைலோன் கயிற்றையும் உள்ளே விட்டு, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு வையுங்கள். அடுத்த கேபிளை இழுக்கும் நாளில் மேசனைத் தேடத் தேவையில்லை.